நாற்பத்தொரு இரங்கல் கடிதங்கள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், எங்கள் நிறுவனத்தின் முப்பத்தெட்டு ஆண்டு வரலாற்றில், ஏன், தவணை முறையில் மின்விசிறி வாங்கிவந்த மனித குலத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாக, நூறு ரூபாய்க்கும் குறைவான நிலுவை வைத்திருக்கும் அத்தனை வாடிக்கையாளர்களின் வட்டியும் முழுமையாகத் தள்ளுபடி செய்யப்படுகிறது.

மேலே உள்ளதை எழுதியவன் நான்தான். 'மனித குலம்' என்ற இடத்தில் பொது மேலாளர் பச்சை மையால் கோடு போட்டு ஓரத்தில் 'அருமை' என்று எழுதினார். எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம், அவசரமில்லை என்று நீங்கள் சொன்னதால் இங்கிருந்து தொடங்குகிறேன். விசாரணைக்கு வந்தவர்களிலேயே மரியாதை தெரிந்தவர் நீங்கள். முகத்தில் வெயில் விழுகிறதென்று என் நாற்காலியை நகர்த்திப் போடச் சொன்னீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

நான் சிறுநிலுவைப் பிரிவின் தலைவன். பிரிவில் நான் ஒருவன்தான். ஒரு மேசை, மூன்று இழுப்பறை, ஒரு கணினி, பக்கத்து அறையோடு பங்கிட்டுக்கொண்ட ஒரு அச்சு இயந்திரம். ஒருவர் தையல் இயந்திரமோ அலமாரியோ தவணையில் வாங்குவார். இருபத்து நான்கு தவணை ஒழுங்காகக் கட்டுவார். கணக்கின் வாலில் ஐம்பதோ அறுபதோ ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு வட்டி. வட்டிக்கு நினைவூட்டுக் கடிதம். அறுபதை வசூலிக்க நூற்றிருபது செலவழிப்போம். இதற்குக் கடன் ஒழுக்கம் என்று பெயர். இந்தத் தலைப்பில் பொது மேலாளர் ஊர் ஊராகப் போய்ப் பேசுவார்.

திடீரென்று அவருக்குக் கருணை வந்தது. எந்த மாநாட்டில் தொற்றிக்கொண்டதோ தெரியாது. திரும்பி வந்ததும் எங்களைக் கூட்டி வைத்து நாற்பது நிமிடம் பேசினார். கருணை என்ற சொல்லைப் பதினேழு முறை சொன்னார், நான் குறித்து வைத்திருக்கிறேன். மாதத்தின் கடைசி வேலை நாள் மாலை ஐந்து மணிக்குள் சிறுநிலுவை வட்டி ஒன்றுகூட மீதமிருக்கக் கூடாது, மறுநாள் முதலாளிகள் கூட்டத்தில் 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லை அவர் உச்சரிக்க வேண்டும் என்றார்.

கருணைக்கு மூன்று பக்கப் படிவம் இருந்தது. முதல் பக்கத்தில் பெயர், முகவரி, புகைப்படம். இரண்டாம் பக்கத்தில் ஏன் கட்டவில்லை என்ற விளக்கம். மூன்றாம் பக்கத்தில் நிறுவனத்தின் பெருந்தன்மையை மறக்க மாட்டேன் என்ற உறுதிமொழி. நிரப்பி வருவதை நான் கணினியில் ஏற்ற வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும்.

கடைசி நாள் மாலை நாலரை மணிக்கு நாற்பத்தொரு கணக்குகள் மீதமிருந்தன. விண்ணப்பம் வந்துசேராதவை என்று கோப்பில் எழுதியிருக்கிறேன்.

வட்டித் தள்ளுபடிக்குக் கணினி ஆறு காரணங்கள் கொடுக்கும். முதல் ஐந்துக்கும் ஆவணம் கேட்கும். ஆறாவது, வாடிக்கையாளர் மறைவு. அதற்கு எதுவும் கேட்காது. செத்தவரிடம் போய்ப் படிவம் கேட்பது நாகரிகமில்லை என்று அந்தக் காலத்தில் எவரோ நினைத்திருக்கிறார். எங்கள் நிறுவனத்தில் எனக்குத் தெரிந்து ஒருவர் நாகரிகமாக யோசித்தது அந்த ஒருமுறைதான்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. மற்ற ஐந்தில் வட்டி மட்டும்தான் போகும். ஆறாவதில் அசலும் போய்விடும். ஆக, என் கருணை பொது மேலாளரின் கருணையைவிடப் பெரியது. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

ஒரு கணக்குக்கு இருபது விநாடி ஆயிற்று. பதினான்கு நிமிடத்தில் நாற்பத்தொரு பேரும் முடிந்தார்கள். யாருக்கும் வலிக்கவில்லை.

ஒரு சின்னச் சங்கடம். கணக்கு அப்படி மூடியதும் கணினி தானாகவே ஒரு இரங்கல் கடிதம் அச்சடித்துவிடும், 'குடும்பத்தாருக்கு' என்று முகவரியிட்டு. நான்கு வரிக் கடிதம். அதையும் சில வருடம் முன்பு நான்தான் எழுதிக்கொடுத்தேன். 'தங்கள் இல்லத்தின் ஒளி அணைந்ததை அறிந்து நாங்கள் தலைகுனிகிறோம்' என்று ஆரம்பிக்கும். நல்ல வரிதான். அச்சு இயந்திரம் நாற்பத்தொரு முறை தலைகுனிந்தது. முதல் தாள் விழுந்ததுமே நான் பை எடுக்க அறைக்குப் போய்த் திரும்பி வந்து கட்டாக எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டில் எண்ணினால் நாற்பது இருந்தது. மறுபடி எண்ணினேன். நாற்பதுதான். நான் பை எடுக்கப் போன நேரத்தில் அஞ்சல் பிரிவுக்காரர் வந்து, அதுவரை விழுந்திருந்த ஒன்றை எடுத்து உறைக்குள் போட்டு அனுப்பிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. சுறுசுறுப்பான மனிதர்.

மறு வாரம் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். 'கருணைச் சுடர்' என்று பெயர். மரப்பலகைமேல் பிளாஸ்டிக் சுடர். மேடையில் கைகுலுக்கும்போதே சுடர் கழன்று விழுந்தது. பொது மேலாளர் குனிந்து எடுத்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, பேச்சைத் தொடர்ந்தார்.

நான் வசிப்பது அலுவலகத்திலிருந்து நாலு தெரு தள்ளி. வாடிக்கையாளர்களும் அந்தத் தெருக்காரர்கள்தான். இதை நான் யோசிக்கவில்லை. சாவுக்குப் பிறகும் மனிதர்கள் காய்கறி வாங்குவார்கள் என்று யாருக்குத் தோன்றும்? பேருந்தில் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். பட்டியலில் அவர் ஒன்பதாவது. வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்காமல் என்ன என்றார். மருந்துக் கடை வாசலில் இருபத்து மூன்றாவது நபர் குடையை உதறிக்கொண்டிருந்தார். தண்ணீர் என்மேல் தெறித்தது. ஈரமாகத்தான் இருந்தது. முடி திருத்துபவர் பட்டியலில் பதினாறாவது. அவர் என் பின்கழுத்தில் கத்தியை வைத்து, "ஆடாம இருங்க சார், ஏன் நடுங்குறீங்க" என்றார். இறந்தவர் கையில் சவரக் கத்தியைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

கடிதங்களை அலமாரியில் என் குளிர்காலச் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி எதையோ தேடப்போய் அதைப் பார்த்துவிட்டாள். அலுவலக வேலையை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள், இருபது வருடத்தில் நான் செய்யாத காரியம். ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு முடி திருத்துபவர் போய்விட்டார் என்று நம்பி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பை பழம் வாங்கிக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போனாள். கதவைத் திறந்தது அவரேதான்.

திரும்பி வந்து பழப்பையை மேசைமேல் வைத்தாள்.

"மனுஷன் சாப்பிட்டுட்டு இருந்தார். என்னையும் உக்காந்து சாப்பிடச் சொன்னார்."

"சரி."

"அந்தக் கட்டுல எத்தனை பேருங்க?"

"நாற்பது."

"எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் இருக்காங்களா?"

ஆமாம் என்றேன். கணக்கை மூட ஒரு வழி, யாருக்கும் நஷ்டமில்லை, அவர்களுக்கு லாபம்தான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "ஆபீஸ்லேர்ந்து மத்தவங்க பேனா, பேப்பர் தூக்கிட்டு வருவாங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு என் சட்டைகளை அவள் அந்த அலமாரியில் வைப்பதில்லை. நாற்காலிமேல் போட்டுவிடுகிறாள். தினமும் நான் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளிருந்து ஒரே கேள்வி வரும்.

"இன்னைக்கு யாரு?"

நானும் சொல்லிவிடுவேன். பேருந்தில் ஒன்பது. பூங்கா ஓரம் முப்பது, பேரப்பிள்ளையுடன். அவள் ம் என்பாள். கணவன் மனைவிக்குள் பேச்சு இல்லை என்று சொல்ல முடியாது.

நாற்பத்தொன்றாவது கடிதம் போன இடத்துக்கு வருகிறேன். அவரைத் தெருவில் எல்லோரும் பொத்தான் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது வயதிருக்கும், தனியாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு குறுகிய இடத்தில் எங்களிடம் வாங்கிய தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு, பழைய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்து, கிழிசல் மூட்டிப் பிழைப்பவர். நிலுவை அறுபத்து நாலு. அதன்மேல் ஏறியிருந்த வட்டிக்கு இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கலாம், சின்னதாகப் பார்த்து.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, கடிதத்தைப் பிரித்து வைத்தார்.

"என் சாவுக்கு நீங்க ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருந்தீங்க. வீட்ல நன்றி சொல்ல வேற ஆள் இல்ல. அதான் நானே வந்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அறையில் இருந்த பியூனும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அசலைக் கட்டிவிடுவதாகச் சொல்லிச் சுருக்குப் பையை அவிழ்த்தார். மூடிய கணக்கில் பணம் வாங்க வழியில்லை. மூன்று பக்கமும் நிரப்பி, படம் ஒட்டி, போன மாதமே என் கையில் கொடுத்தாரே, அதற்கு மேலும் இப்படி ஏன் ஆனது என்று கேட்டார். கோப்பில் வந்துசேரவில்லை என்று இருக்கிறது, வழியில் எங்காவது தவறியிருக்கும் என்றேன். இருக்கலாம் என்று உடனே ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்டவர்.

அடுத்த வாரம் சரிசெய்து வைக்கிறேன் என்றேன். உண்மையாகவே சரிசெய்ய நினைத்தேன். ஆனால் இறந்தவரை உயிர்ப்பிக்க வேறொரு படிவம் இருந்தது. அதில் தவறு செய்த ஊழியரின் பெயருக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டம் நிரம்பினால் தணிக்கைக்காரர்கள் அதே நாளில் மூடிய எல்லாக் கணக்கையும் பிரிப்பார்கள். நாற்பத்தொரு பேருக்கும் வட்டி, முன்தேதியிட்டு, திரும்ப ஏறும். ஒருவருக்காக நாற்பது ஏழைகள் தலையில் வட்டியை ஏற்றுவதா? நியாயமான எந்த மனிதனும் தயங்குவான். கேடயத்தைப் பற்றி நான் அப்போது நினைக்கவே இல்லை.

அவர் நாலு செவ்வாய்க்கிழமை வந்தார். திங்களும் வியாழனும் மருத்துவமனை, சிறுநீரகம் வேலை செய்யவில்லை, இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். மூன்றாவது முறை வந்தபோது என் சட்டையில் இரண்டாம் பொத்தான் இல்லாததைப் பார்த்துவிட்டு, கழற்ற வேண்டாம், அப்படியே உட்காருங்கள் என்று சொல்லி, மேசையைச் சுற்றி வந்து தைத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும்போது அவர் மூச்சு என் நெஞ்சில் பட்டது. நூல் நிறம் கொஞ்சம் கூடுதல் கருப்பு, மன்னிக்க வேண்டும் என்றார். காசு வாங்கவில்லை. "இறந்தவங்க காசு வாங்கினா நல்லா இருக்காது" என்றார்.

நாலாவது முறை அவர் சிரிக்கவில்லை. வங்கி அட்டை நின்றுவிட்டது, காப்பீட்டு அட்டையும் செல்லவில்லை என்றார். எங்கள் கணினி மாதம் ஒருமுறை மூடிய கணக்குகளின் பட்டியலைக் கடன் பதிவகத்துக்கு அனுப்பும். வங்கிக்காரர், காப்பீட்டுக்காரர், வீட்டுத் தரகர் எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்கள். மற்ற நாற்பது பேரில் யாரும் வந்து கேட்கவில்லை, அவர்களுக்கு அட்டை தேவைப்படவில்லை போலும். இது எனக்குத் தெரியுமா என்று நேற்றுக் கேட்டீர்கள். பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அன்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை பாவம்னு விட்டாங்க தம்பி" என்றார். அதுவரை சார் என்றுதான் சொல்வார். "இனிமே முடியாதுங்கறாங்க. உசுரோட இருக்கேன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்களேன். உங்க கையெழுத்துப் போதும்."

மேலாளர் ஊரில் இல்லை என்றேன். அது உண்மை. வேறோர் ஊரில் கருணை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பதினொன்றே காலுக்குத் தொலைபேசி வந்தது. மருத்துவமனையில் பணம் கட்டும் இடத்திலிருந்து ஒரு பெண்.

"இங்க எங்க முன்னாடி ஒரு அம்மா உக்காந்திருக்காங்க சார். அட்டை எடுக்க மாட்டேங்குது. நீங்க இறந்துட்டாங்கன்னு போட்டதுதான் காரணம்ங்கறாங்க. தப்பா விழுந்திருச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தமும், அதன்மேல் அவர் குரலும் கேட்டன. "அவரா? நல்ல மனுஷர். பொத்தான் இன்னும் நிக்குதான்னு கேளும்மா."

நின்றுகொண்டிருந்தது. அதே சட்டையைத்தான் போட்டிருந்தேன்.

என் பதிலை நீங்கள் பதிவில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் போட்டுக் காட்டினீர்கள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. "எங்க பதிவுல தப்பு இருக்காதும்மா. அவங்க அட்டையை வேற யாராவது கொண்டுவந்திருக்காங்களோ என்னமோ. விசாரிச்சுக்குங்க."

பிறகு விசாரித்திருக்கிறார்கள். காவலாளியைக் கூப்பிட்டு, இறந்தவர் அட்டையோடு வந்தவர் என்று அவரை வெளியில் உட்கார வைத்திருக்கிறார்கள். அடையாளச் சான்றுகள் எல்லாவற்றையும் காட்டியிருக்கிறார். இறந்தவரின் அட்டையை வைத்திருப்பவரிடம் இறந்தவரின் மற்ற சான்றுகளும் இருக்கத்தானே செய்யும்? இதில் மருத்துவமனையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அதற்குப் பதினோராம் நாள் அவர் மாடிப்படிக்குக் கீழே, தையல் இயந்திரத்தின்மேல் தலை சாய்த்தபடி இருந்தாராம். செய்தி என்னவோ வருத்தமானதுதான். ஆனால் மறைக்காமல் சொல்வதென்றால், எனக்கு முதலில் தோன்றியது எங்கள் பதிவு இப்போது சரியாகிவிட்டது என்பதுதான். மாலையில் வழக்கமான கேள்வி வந்தது. பொத்தான் அம்மா என்றேன். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டாள். பார்க்கவில்லை என்றேன். உள்ளேயிருந்து ம் வரவில்லை. அன்று முதல் அவள் எதையும் கேட்பதில்லை.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு வெளியூரில் ஒரு தம்பி இருந்தார், லாரி ஓட்டுநர். மூன்று வாரம் கழித்து மருத்துவர் தந்த மரணச் சான்றிதழோடும் ஒரு கவரோடும் வந்தார். கவர்மேல் 'மெஷின் கடைக்கு' என்று எழுதியிருந்தது. உள்ளே சரியாக அறுபத்து நாலு, சில்லறையாக. யாருக்கும் பாக்கி வைத்துவிட்டுப் போகக் கூடாது என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாராம். அன்று நான் விடுப்பில் இருந்தேன். பக்கத்து அறைக்காரர் உதவி செய்யும் எண்ணத்தில் சான்றிதழைக் கணினியில் ஏற்றப் பார்த்திருக்கிறார். ஏற்கெனவே மறைந்தவர் என்று அது மறுத்துவிட்டது. கணினியில் இருந்த தேதி சான்றிதழுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முந்தியது. தம்பி இரண்டு தேதிகளையும் பார்த்துவிட்டுக் கேட்டாராம்.

"எங்கக்கா ரெண்டு தடவை செத்திருக்காங்களா சார்? நான் எந்தத் தேதியை வச்சுக்கட்டும்?"

பக்கத்து அறைக்காரர் இரண்டு தேதிகளையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். அதனால்தான் நீங்கள் வந்தீர்கள்.

இப்போது நான் தெருவில் மற்ற நாற்பது பேரைப் பார்ப்பதில்லை. அவர்கள் நடமாடுகிறார்கள் என்று கேள்வி. நான் பார்ப்பது பொத்தான் அம்மாவைத்தான். செவ்வாய்க்கிழமை காலையில் மேசைக்கு எதிரே, சுருக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு. எதுவும் கேட்பதில்லை, என் சட்டையைத்தான் பார்க்கிறார். அந்தச் சட்டையைத் தூக்கிப் போடலாம் என்று பார்த்தேன். மற்ற பொத்தான்கள் நாலும் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. அது மட்டும் நிற்கிறது. அறுத்துவிடலாம் என்று கத்தரிக்கோல் எடுத்தேன். கை வரவில்லை. அவ்வளவு கல்மனதுக்காரன் இல்லை நான்.

நேற்று மாலை நீங்கள் என் மேசையின் இரண்டாம் இழுப்பறையைத் திறக்கச் சொன்னீர்கள். சாவி தொலைந்துவிட்டது என்றேன். நீங்கள் ஆள் வைத்துத் திறந்தீர்கள். உள்ளே இருந்ததை எண்ணி, நாற்பத்தொன்று என்று எழுதிக்கொண்டீர்கள். மூன்று பக்கமும் நிரப்பி, படம் ஒட்டி, கெடுவுக்குப் பத்து நாள் முன்பாகவே வந்துசேர்ந்த விண்ணப்பங்கள். அவருடையது மேலிருந்து நாலாவது. ஏன் கட்டவில்லை என்ற கட்டத்தில், 'கடைசித் தவணை கட்ட வந்த அன்று உங்கள் அலுவலகத்தைச் சீக்கிரமே பூட்டிவிட்டார்கள்' என்று எழுதியிருந்தார்.

இதையெல்லாம் ஏன் ஏற்றவில்லை என்று கேட்டுவிட்டு, யோசித்து எழுதுங்கள், இரவு முழுக்க அவகாசம் இருக்கிறது என்றீர்கள். கருணை, நாற்பது ஏழைகள், படிவத்தின் அபத்தம் என்று பல பக்கம் எழுதிப் பார்த்தேன், எழுதியதைத்தான் மேலே படித்தீர்கள்.

தட்டச்சு செய்யச் சோம்பலாக இருந்தது.